எள்ளலும் பேதைமையும்: 'கோவா' திரைப்படம் குறித்து ஒரு நோக்கு

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். ஆடவர் இருவரிடையேயான காதலைக் காட்டுமிடத்துத் தமிழ்த் திரைப்படம் பெரும்பாலும் அந்த ஒன்றனையே அறிந்திருந்தது. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) இதனின்றும் ஒருபடி விலகியது. சம்பத் ராஜும் அரவிந்த் ஆகாஷும் ஏற்ற டேனியல், ஜாக் என்னும் இணையரின் உடலசைவைக் காட்டிச் சிரிப்பு வருவிக்கும் இடங்கள் இதிலும் உள. ஆயினும் அவர்கள் பொறாமையுற்று ஊடும்போது நாம் நகுவது எள்ளலாலன்று. காதலர் எவர்க்கும் பொதுவான பேதைமையைக் கண்டேயாம்.

எனினும் அவர்கள் துணைமாந்தரே. கதை நாயகர் மூவரைப் பின்தொடர்ந்து சென்றுவிடுகின்றது. இவ்வாறு கதை கைவிட்ட இடத்தைச் சுவைஞரே நிரப்புவது ரசிகர் புனைவு. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேர்க்கையும் ஸ்பொக்கையும் காதலராக்கி 1970களிலேயே ரசிகைகள் சிற்றிதழ்களில் எழுதினர். இதனை இழிவென்போர் நம் தோட்டங்களின் காமன் கூத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆடவனொருவன் ரதியாகிப் புலம்ப, லயமே கூடி அழுகின்றது. பழங்கதை ஆண்டுதோறும் நம் கதையாகின்றது.

அட்டனை அடுத்த லயமொன்றில் இப்படத்தைப் பலரோடு பார்த்தேன். யாவரும் உடலசைவுக்குச் சிரித்தனர். அருகிலிருந்த நண்பன் ஊடலுக்கு மட்டுமே சிரித்தான். அதன் பொருளைப் பின்னரே உணர்ந்தேன். இத்தகைய உறவைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என நம் உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. சட்டம் மாறுவதற்கு முன்னரும் நம் சிரிப்பு மாறலாம். அது நம் கையில் உள்ளது.