கொல்லிமலை காட்டும் இருவகை ஆற்றல்

சித்திரக்கதை வீரர்தம் வியத்தகு ஆற்றல் சிறுவரை மயக்கும் வெறும் பொய் என்றும், ஆராய்ச்சிக்கு உரியதன்று என்றும் கூறுவார் உளர். நடவாததைக் கூறுவது குற்றமாயின், சங்கப் பாடல்கள் சிலவற்றையும் நாம் விலக்க நேரும். அத்தகைய ஆற்றல் எப்பொழுது கதையாகின்றது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

சேலம், நாமக்கல் சமவெளியை அடுத்து உயர்ந்து நிற்கும் கொல்லிமலை இதற்கு இரு சான்றுகள் தருகின்றது. ஒன்று கொல்லிப்பாவை. காற்று மோதினும், இடி தாக்கினும், நிலமே நடுங்கினும் அப்பாவை தன் எழில் கெடாது என்பர் பரணர் (நற்றிணை 201). அதன் ஆற்றலுக்கு எல்லை இல்லை. எனினும், அப்பாட்டில் பாவை செய்வது யாதும் இல்லை. தலைவன் நெஞ்சை விட்டு நீங்காத தலைவிக்கு உவமையாக நிற்பதே அதன் பணி.

மற்றொன்று வல்வில் ஓரியின் வில்லாற்றல். யானையை வீழ்த்திய ஓரம்பு புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்று வன்பரணர் பாடுவர் (புறநானூறு 152). எய்தவன் ஓரிதானோ, அல்லனோ எனப் புலவர் ஐயுறுகின்றார். தன் பெயர் கேட்டதும் அவன் நாணுகின்றான். பாணர் சுற்றத்துக்கு ஊனும் பொன்னும் அளிக்கின்றான். இத்துணை ஆற்றல் உடையோனும் காரியால் கொல்லப்பட்டமையை அகநானூறு 209 உரைக்கின்றது. நாணமும் சாவும் உடைமையால் ஓரி கதைமாந்தன் ஆகின்றான்.

இவ்வேறுபாட்டைச் சித்திரக்கதை ஆசிரியரும் நன்கு உணர்ந்திருந்தனர். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் ஆங்கில வார இதழ் ஒன்றில் தோன்றிய அக்கதையைக் கென் பல்மரும் பின்னர் டாம் டல்லியும் எழுதினர். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும்; இரும்புக்கை மட்டும் மறையாது. ஆற்றலின் கருவியே காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் அமைந்தது. அவன் அகப்படுவானோ என்னும் அச்சம் இதனாற் பிறக்கின்றது.

ஜோ ஷுஸ்டருடன் இணைந்து சூப்பர்மேனை 1938இல் வெளிக்கொணர்ந்தவர் ஜெரி சீகல். சூப்பர்மேனின் வலிமை பெருகப் பெருக, அதனைத் தளர்விக்கும் கிரிப்டோனைட் என்னும் பொருளும் கதைக்கு வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அவரே, மற்றொருவர் தொடங்கிய ‘ஸ்பைடர்’ கதையையும் எழுதினார். லயன் காமிக்ஸ் வாயிலாகத் தமிழர் அறிந்த ஸ்பைடருக்குக் குறை உடலில் இல்லை, செருக்கில் உள்ளது. குற்றவாளிகளின் மன்னனாக விழைந்த அச்செருக்கே பின்னர் அவனைக் குற்றவாளிகட்குப் பகைவன் ஆக்கிற்று.

எல்லையற்ற ஆற்றல் உவமையாகும். எல்லையுடைய ஆற்றலே கதையாகும். அவ்வெல்லையை வகுப்பதே ஆசிரியர்தம் புலமை. வன்பரணர் பெயரை நம் முன்னோர் பாட்டோடு சேர்த்துக் காத்தனர். மாயாவியை வளர்த்த இதழ்களோ எழுதியோர் பெயரைப் பெரும்பாலும் அச்சிடவில்லை. மாயாவியை அறிந்த தமிழருள் டல்லியை அறிந்தோர் மிகச் சிலரே. இக்குறையை நீக்குதல் ஆராய்ச்சியாளர் கடன். இனி ஓரியைச் சித்திரக்கதையாக வரைய முற்படுவோர் ஐந்து விலங்குகளைத் துளைத்த அம்போடு நின்றுவிடாது, தன் பெயர் கேட்டு நாணிய அவன் முகத்தையும் வரைவாராக.