குறவஞ்சி மேட்டிலிருந்து வெண்முரசு வரை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியின் புகழ் நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர்வரை எட்டியது. மானியமாகக் கிடைத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இது பலரும் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு: குற்றாலத்தின் தலபுராணத்தை இயற்றியவரும் இதே கவிராயர்தான். வசந்தவல்லியும் சிங்கனும் சிங்கியும் உலவும் உலகை ஒரு நூலில் படைத்தவர், அந்த உலகின் மலைக்கும் கோயிலுக்கும் தீர்த்தங்களுக்கும் உரிய கதைகளை இன்னொரு நூலில் தொகுத்து வைத்தார்.

கற்பனை உலகம் ஒன்றுக்குக் கையேடு எழுத வேண்டும் என்பது இன்று பல வாசகர்களின் கனவு. மேலைநாட்டில் இதற்குப் பெரிய சந்தையே இருக்கிறது. டோல்கீனின் நடுநிலத்துக்கு ராபர்ட் ஃபாஸ்டர் 1971இல் பெயரகராதி வெளியிட்டார். 1981இல் கேரன் வின் ஃபான்ஸ்டாட் நிலப்படத் தொகுப்பே வரைந்தார். ஜார்ஜ் மார்ட்டினின் உலகத்துக்கு 2014இல் வந்த பெருங்கையேட்டில் இணையாசிரியர்களாக இருந்த எலியோ கார்சியாவும் லிண்டா அன்டோன்சனும் தொடக்கத்தில் வெறும் வாசகர்கள்தான்.

தமிழில் இந்த வேலை அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. நமக்குப் புராணமும் இதிகாசமும் காப்பியமும் சேர்ந்ததே ஒரு பேருலகம். அதன் பெயர்களை அகர வரிசையில் திரட்டி, யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதானகோசத்தை வெளியிட்டார். சென்னையில் பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் இதே வேலையை இன்னும் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் தனியொருவராக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதியை அச்சேற்றப் பொருள் இல்லை. உதவி தேடியும் பயனில்லாமல் இருந்தவருக்குக் கைகொடுத்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். 1910இல் அபிதான சிந்தாமணி 1050 பக்கங்களோடு வந்தது. ஆசிரியர் அதோடு நிறுத்தவில்லை. இறுதிவரை சேர்த்துக்கொண்டே இருந்தார். 1931இல் அவர் மறைந்தபின், மகன் சிவப்பிரகாச முதலியாரின் முயற்சியால் 1934இல் வந்த இரண்டாம் பதிப்பு 1634 பக்கம். ஒரு நூற்றாண்டு கழித்தும் எழுத்தாளர்களின் மேசையில் இருக்கும் அந்த நூலுக்குப் பின்னால் துறையும் இல்லை, குழுவும் இல்லை.

வழிகாட்டி என்றால் அகராதியாகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை என்று காட்டியவர் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). கம்பனின் உலகுக்குள் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் அவர். ‘கம்பர் தரும் காட்சி’ என்று கல்கி இதழில் எழுதினார். பின்னர் ‘கம்பர் தரும் இராமாயணம்’ வந்தது. தமக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று ஒதுக்கினார், சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். பதிப்பாசிரியரின் வேலையாக இதை ஒப்ப முடியாது. ஆனால் காட்சி எங்கே நிகழ்கிறது, பாத்திரத்தின் குரல் எங்கே உயர்கிறது, எங்கே தணிகிறது என்று சொல்வதில் அவருக்கு நிகர் இல்லை. ராஜாஜியும் கல்கியும் அவரை நாடிக் குற்றாலம் வந்தார்கள்.

அவரிடம் வந்தவர்களில் இடைசெவல் விவசாயி ஒருவரும் உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டைக் கதைகளில் எழுதியதோடு, அந்த உலகின் பேச்சுக்கு அகராதியும் தாமே தொகுத்தார். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு கதைசொல்லி செய்து 1982இல் புத்தகமாக்கினார். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நாவலைப் படிக்கும் வெளியூர்க்காரருக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், தமிழர்கள் அதிகம் வாசித்த நாவலுக்கு நாம் செய்திருப்பது குறைவு. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் பொன்னியின் செல்வனில் பூங்குழலி என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள், ஊமை ராணி மந்தாகினிக்கு மருமகள், சேந்தன் அமுதனுக்கு மாமன் மகள், கடைசியில் சோழ அரசி. இந்த ஒரு பதிவே நாவலின் பாதி முடிச்சுகளைத் தொட்டுவிடும். மதுராந்தகனுக்கோ பதிவுகள் இரண்டு வேண்டும், நாவலில் அந்தப் பெயருக்கு இருவர் இருப்பதால். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த வரலாற்று உத்தம சோழனை மூன்றாவதாகத் தனியே எழுத வேண்டும். கதை தொடங்குவது வீராணம் ஏரிக்கரையில். அதே ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில்தான் ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசன் முதலியோரைப் பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் போகும் பாதைக்கு இவ்வளவு அருகில் அந்தக் கல் இருப்பதை வாசகருக்குச் சொல்வதுதான் நல்ல கையேட்டின் பணி.

வெண்முரசு இன்னும் பெரிய சவால். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில் ஜெயமோகன் முடித்த மகாபாரத நாவல் வரிசை அது: 26 நாவல்கள், 25,000 பக்கங்களுக்கு மேல். நிலங்கள், குலங்கள், தெய்வங்கள், வழிபாட்டு முறைகள் எல்லாவற்றுக்கும் அதற்கென்றே ஒரு முறைமை உண்டு. அதற்குச் சிங்காரவேலு முதலியாரின் பொறுமை கொண்ட ஒருவர் வேண்டும். முழுநேரமாகச் செய்தாலும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

உரிமைச் சிக்கலும் உண்டு. ஹாரி பாட்டர் அகராதியை அச்சிட முயன்ற ரசிகருடைய பதிப்பகத்துக்கு எதிராக 2008இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூலத்தின் வாசகத்தை அளவு மீறி எடுத்தாண்டது முக்கியக் காரணம். திருத்திய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. வாழும் ஆசிரியரின் உலகைத் தொடுகிறவர்கள் அவரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது. கல்கியின் எழுத்துகளுக்கு இந்தத் தடை இல்லை. 1999இல் அவை நாட்டுடைமையாகிவிட்டன.

கவிராயரின் குறவஞ்சிக்கோ எந்தத் தடையுமே இல்லை. புலியூர்க் கேசிகன் போன்றோரின் உரைகள் கிடைக்கின்றன. உலகக் கையேடு மட்டும் வரவேண்டியிருக்கிறது. சிங்கன் வலை வீசக் காத்திருக்கும் இடத்துக்குக் காடையும் கம்புளும் கொண்டைக்குலாத்தியும் மாடப்புறாவும் வந்து இறங்குகின்றன. இவற்றில் எவை இன்றும் தென்காசிக் குளக்கரைகளில் தென்படுகின்றன? குறத்தி சொல்லும் மலைவளத்தில் எந்தெந்த மரங்கள் தேனருவிப் பக்கம் இன்னும் நிற்கின்றன? நகையும் உணவும் குறிசொல்லும் முறையும் எப்படி மாறின? சாரல் காலக் கூட்டம் கலைந்தபின் மலையடிவாரத்தில் நடந்து பார்த்தால் பாதிப் பதிவுகளை அங்கேயே எழுதிவிடலாம். தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்து இளம் எழுத்தாளர்கள் யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும். உள்ளூர்ப் பதிப்பாளர்களும் கல்லூரித் தமிழ்த்துறைகளும் அச்சுச் செலவுக்குத் தோள்கொடுக்க வேண்டும்.