லாசருவும் ரஸ்கோல்னிகவும்

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நான்காம் பாகத்தில், ரஸ்கோல்னிகவ் வற்புறுத்திக் கேட்க, சோனியா யோவான் சுவிசேஷத்திலிருந்து லாசரு உயிர்த்தெழுந்த கதையை வாசிக்கிறாள். இங்கே லாசரு யார், கல்லறை எது என்று எந்த வாசகரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. உருவகம் அவ்வளவு வெளிப்படை. ஆனால் காட்சி அதோடு நின்றுவிடவில்லை. அவள் கையிலிருக்கும் புதிய ஏற்பாடு லிஸவெத்தா கொண்டுவந்து கொடுத்தது. லிஸவெத்தாவைக் கோடரியால் கொன்றவனுக்குத்தான் அதை வாசித்துக் காட்டுகிறாள். அது அவளுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் கதவோரம் நின்று ஸ்விட்ரிகைலோவ் ஒட்டுக்கேட்கிறான். அடுத்த முறை சௌகரியமாகக் கேட்க ஒரு நாற்காலியையும் கொண்டுவந்து போடுகிறான். வாசித்து முடித்த பிறகும் ரஸ்கோல்னிகவ் மனம் திரும்பவில்லை. வேதக் குறியீடு இப்படிக் கதைமாந்தரின் கைப்பொருளாகி, அவர்களுடைய அறியாமையோடும் விகாரத்தோடும் மோதும்போதுதான் நாவலில் உயிர்பெறுகிறது.

நபகோவ் இந்தக் காட்சியைக் கடுமையாகச் சாடினார். கொலைகாரனையும் விலைமகளையும் வேதத்தின் முன் ஒரே தட்டில் நிறுத்துவது மலினம் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அது பொருந்துவது, அணையப்போகும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கதைசொல்லி இருவரையும் அப்படிப் பெயரிட்டுச் சேர்க்கும் ஒரே வாக்கியத்துக்கு. அதை நீக்கிவிட்டால் காட்சிக்கு எந்தக் குறையும் வராது. 1866இல் நாவலைத் தொடராக வெளியிட்ட 'ருஷ்ய தூதன்' இதழ் இந்த இயலின் முதல் வடிவத்தை மறுத்து, திருத்தி எழுதவைத்தது உண்மை. அதற்காக அந்த வாக்கியத்தின் பழியை இதழ்மேல் போட்டுவிட முடியாது. காட்சியின் பொருளைக் கதைசொல்லியே சொல்லிவிடும் இதே பழக்கம் பின்னுரையிலும் தலைதூக்குகிறது.

அதற்கு முன் சென்னயா சந்தைக் காட்சி இருக்கிறது. சோனியா சொன்னபடி ரஸ்கோல்னிகவ் மண்டியிட்டு அழுக்கு மண்ணை முத்தமிடுகிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். குடித்திருக்கிறான் என்கிறார்கள், எருசலேமுக்குப் புறப்படுகிறான் என்று ஒருவன் கேலி பேசுகிறான். சொல்ல வந்த வாக்குமூலம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. தவம் என்ற பழைய சடங்கு சந்தை இரைச்சலில் பாதியில் முறிவதால்தான் அதை நம்ப முடிகிறது. (லாசரு கல்லறையில் கிடந்த நான்கு நாளை வைத்துக்கொண்டு நாவலில் வரும் நான்காம் மாடிகளை எண்ணும் விமர்சகர்களுக்கு இந்தச் சிரிப்பு கேட்பதில்லை.)

பின்னுரையில், சைபீரிய ஆற்றங்கரையில், ரஸ்கோல்னிகவ் திடீரென்று சோனியாவின் காலடியில் விழுகிறான்; அன்பு இருவரையும் உயிர்த்தெழச் செய்தது என்று கதைசொல்லியே அறிவித்துவிடுகிறார். லாசரு தானாக எழவில்லையே, அருள் காரணம் சொல்லிக்கொண்டா வரும் என்று கேட்கலாம். இறையியலுக்கு அது சரியான பதில். ஆனால் ஒவ்வொரு மனமாற்றத்துக்கும் காய்ச்சலையும் வறுமையையும் அகந்தையையும் காரணமாகக் காட்டி வாசகரைப் பழக்கிய நாவல் இது. சில பக்கங்களுக்கு முன்புகூட அவன் வருந்தியது கொலைக்காக அல்ல, தாக்குப்பிடிக்க முடியாமல் சரணடைந்ததற்காக. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்த புதிய ஏற்பாட்டை அவன் அப்போதும் திறக்கவில்லை என்ற ஒரு வரியில் தஸ்தயேவ்ஸ்கி முழு விழிப்போடு இருக்கிறார். அதைச் சுற்றியுள்ள விளக்கம் நாவலாசிரியர் எழுதியதல்ல, பிரசங்கியார் எழுதியது.