கொலைக்களக் காதையும் நம் புலனக் குழுக்களும்



சிலப்பதிகாரத்தை வகுப்பில் எப்படி நடத்துகிறோம்? கதைச் சுருக்கம், முப்பெரும் உண்மைகள், கண்ணகியின் பண்புநலன், பாண்டியனின் பிழை. மாணவர் மனனம் செய்து எழுதுவார். நாமும் சரி போட்டுப் புள்ளி கொடுப்போம். நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். இதில் உள்ள குறையை என் மாணவர்கள்தான் எனக்குக் காட்டினார்கள்.

படிவம் நான்கு மாணவர்களின் புலனக் குழு ஒன்றில், ஒரு மாணவியின் படத்தை யாரோ கேலி வாசகத்தோடு போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோது பலரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நான் ஒண்ணும் போடலையே சார், சும்மா பார்த்தேன்." இவர்களில் சிலர் பகடிவதையைப் பற்றிய கட்டுரையில் நல்ல புள்ளி எடுத்தவர்கள்!

அதன் பிறகுதான் சிலம்பின் 16ஆம் காதையான கொலைக்களக் காதையை மறுபடி எடுத்துப் படித்தேன். நாம் ஒரே வரியில், "பொற்கொல்லன் சூழ்ச்சியால் கோவலன் கொலையுண்டான்" என்று தாண்டிப் போகும் இடம் அது. ஆனால், இளங்கோ அவ்வளவு சீக்கிரம் தாண்டவில்லை. கோவலனைப் பார்த்ததும், இவன் கொல்லப்பட வேண்டிய ஆள் இல்லை என்ற ஐயம் காவலர் தரப்பிலேயே எழுகிறது. பொற்கொல்லன் அதை எள்ளுகிறான். கள்வர்களின் தந்திரங்களை அடுக்குகிறான். ஏமாந்தால் அரசன் தண்டிப்பான் என்று மிரட்டுகிறான். இளைஞன் ஒருவன், தான் முன்பு ஒரு கள்வனிடம் ஏமாந்ததைச் சொல்லி, இப்போது என்ன செய்வது என்று மற்றவர்களைக் கேட்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குள் குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கேலி, பயம், மௌனம். நம் பிள்ளைகளின் புலனக் குழுவில் நடந்ததும் இதுதானே? பொற்கொல்லனையும் பாண்டியனையும் மட்டும் குற்றவாளியாக்கி நடத்தும்போது, 16 வயதுப் பிள்ளை தன்னைக் கதைக்கு வெளியே வைத்துக்கொள்கிறது. அது அரசனும் இல்லை, பொற்கொல்லனும் இல்லை. பெரும்பாலும் அந்தக் காவலர்களில் ஒருவர்.

பதின்ம வயதினர் பலர், சுற்றியுள்ளவர்களின் அங்கீகாரத்தை வைத்தே சரி, தவறை அளக்கிறார்கள் என்பது லாரன்ஸ் கோல்பர்க்கின் கருத்து. அவர் பார்த்தது மாணவர் சொல்லும் விடையை அல்ல, அதற்கான காரணத்தை. நம் விடைத்தாளோ விடையை மட்டும் கேட்கிறது.

இப்போது நான் கதையை அந்த இளைஞனின் கேள்வியில் நிறுத்திவிடுகிறேன். "நீ அங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஏன்?" பத்து நிமிடம் எழுதச் சொல்கிறேன், பிறகு குழுவில் பேசச் சொல்கிறேன். முயன்று பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வகுப்பில் நடந்த சம்பவத்தை நீங்களாக இழுக்காதீர்கள். பிள்ளைகளே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்து, கோல்பர்க்கின் படிநிலைகளைப் புள்ளித் திட்டமாக்காதீர்கள். அவருடைய 1958ஆம் ஆண்டு ஆய்வேடு ஆண் பிள்ளைகளை மட்டுமே கொண்டது. பரிவையும் உறவையும் வைத்து யோசிப்பதும் அறச்சிந்தனைதான் என்று கரோல் கில்லிகன் 1982இல் வெளியான நூலில் வாதிட்டார். "கண்ணகி தனியா காத்திருப்பாளே" என்று ஒரு மாணவி எழுதினால் அது குறைந்த விடை அல்ல.

மாணவர்களே, முப்பெரும் உண்மைகளை மனனம் செய்யுங்கள், தேர்வுக்கு வேண்டும். கூடவே, காவலர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். உங்கள் விடை உங்களுடையதாகத் தெரியும்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுதியது இது: "பொறுங்க, முதல்ல ராஜாகிட்ட கூட்டிட்டுப் போவோம்." அதன் கீழே, "அஞ்சு வார்த்தைதான் சார். ஆனா மொத ஆளா சொல்றது கஷ்டம்" என்றும் எழுதியிருந்தான். அந்தத் தாளுக்கு நான் புள்ளி போடவில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டு, பெயரில்லாமல் வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.