விடுதி அறையில் மூன்று பேர்

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ம் வருஷம் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் முடித்தவர்களில் இரண்டு பேரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் ராமேஸ்வரம் மசூதித் தெருவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். மற்றவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். முதலாமவர் 2002-ல் ஜனாதிபதி ஆனார். இரண்டாமவர் ரங்கராஜன் என்ற சொந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, மனைவி பெயரில் கதை எழுதி சுஜாதா ஆனார்.

இரண்டு பேருமே அந்த இளமைக் காலத்தைப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். கலாமுடையது 'அக்னிச் சிறகுகள்'. அருண் திவாரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி, 1999-ல் வந்தது. சுஜாதாவுடையது 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. முதலாவது, ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுத்துக் கொடுத்தே பாதிப் பேர் பிரித்துப் பார்க்காத புத்தகம். இரண்டாவது, யாரும் பரிசாகக் கொடுக்காமலே எல்லோரும் படித்த புத்தகம். சமீபத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். ஒரு கேள்வியோடுதான் படித்தேன்: வகுப்பில் படித்தது ஒரு பையனின் சொந்த வாழ்க்கையில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது?

கலாம் புத்தகத்தில் திருச்சிக்குக் கிடைத்திருப்பது சில பக்கங்கள்தான். அதில் ஒரு பாரா தங்கம். சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பேராசிரியர்கள் கதிரியக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். அணுவுக்குள் இருக்கிற துகள்களில் பெரும்பாலானவை நிலையாக இருப்பதில்லை, கொஞ்ச காலத்தில் சிதைந்து வேறொன்றாக மாறிவிடுகின்றன என்கிறார்கள். பையன் உடனே ராமேஸ்வரத்துக்குப் போய்விடுகிறான். அங்கே சிறு வயதில் பாடம் சொன்ன சிவசுப்ரமணிய ஐயர் இந்தத் துகள் சமாசாரத்தையெல்லாம் சொன்னதில்லை. ஆனால், சேர்ந்து உண்டானது எல்லாமே அழியக்கூடியது, அதனால் சோம்பாமல் உழை என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே விஷயம்தானே என்று நினைக்கிறார் கலாம்.

பிஸிக்ஸ் வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்தால் ஆட்சேபிப்பார். அரை ஆயுள் என்பது கூட்டத்துக்கான கணக்கு. ரேடான்-222 என்றால் ஏறக்குறைய 3.8 நாளில் பாதி போய்விடும். எந்த அணு போகும், எது மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி போடுகிற ஆயுள் கணக்கு மாதிரிதான். ஆனால் மனுஷனுக்கு வயதாகும், அணுவுக்கு வயதே ஆகாது. நேற்று உண்டான அணுவும் கோடி வருஷத்து அணுவும் அடுத்த நிமிஷம் உடைவதற்கு ஒரே வாய்ப்பு. 'எல்லாம் மூப்படைந்து அழியும்' என்ற ஐயரின் உபதேசத்தோடு இது அச்சாகப் பொருந்தாது.

பொருந்தாவிட்டால் என்ன? அந்த ஐயர் யார் என்று பாருங்கள். ஒரு நாள் இந்த முஸ்லிம் பையனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவர். ஆசாரமான மனைவி தன் சமையலறையில் வைத்துப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபிக்கவில்லை. தன் கையாலேயே பரிமாறி, பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். பையன் தயங்கினான். போனான். அந்தத் தடவை அம்மாவே உள்ளே அழைத்துப் பரிமாறினார். நிரந்தரம் என்று நினைத்த ஒன்று ஒரே வாரத்தில் கரைந்துபோனதைக் கண்ணால் பார்த்த பையனுக்கு, திருச்சி வகுப்பில் 'சிதைவு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வேறு யார் ஞாபகம் வரும்? கலாம் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை. சாப்பாடு ஒரு பக்கத்தில், அணு இன்னொரு பக்கத்தில். முடிச்சு நான் போட்டது.

இப்போது குறை. அதே புத்தகத்தில், ஹாஸ்டல் அறையில் தன்னோடு இருந்தவர்கள் ஒரு ஸ்ரீரங்கத்து ஆசார ஐயங்காரும் கேரளத்து சிரியன் கிறிஸ்தவரும் என்று கலாம் சொல்கிறார். மூவரும் சந்தோஷமாக இருந்தோம் என்கிறார். அவ்வளவுதான். ஐயா, ஒரே அறையில் ராமேஸ்வரமும் ஸ்ரீரங்கமும் கேரளமும்! விடியற்காலையில் யார் முதலில் எழுந்தார்கள்? யார் எதற்கு எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்? ஊரிலிருந்து பலகாரம் வந்தால் யார் எதைத் தொட்டார்கள்? ஒன்றும் தெரியவில்லை. பின்னால் அவரே சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர் ஆகிறார். ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன், சைவ மெஸ், அங்கே கல்லூரித் தலைவர் களத்தில் பாதிரியாருக்கு விருந்து! இதையும் சில வரிகளில் தாண்டிப் போய்விடுகிறார்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம், கடைசி வருஷம் ஆங்கில இலக்கியத்தில் ருசி வந்தது என்று சொல்லும் இடம். டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி மூவரும் பிடித்தவர்கள், களம் அந்நியமாக இருந்தாலும் பிடித்தது என்கிறார். அந்த 'இருந்தாலும்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புயலில் படகு அடித்துப்போன குடும்பத்துப் பையன், பயிரும் ஆடும் போய் நொடித்த ஹார்டியின் இங்கிலாந்துக் கிராமத்தானிடம் எதைப் பார்த்தான்? எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய்க்கு அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததாகச் சொல்பவர், டால்ஸ்டாய் நாவலில் கடன்பட்ட குடும்பத்தைக் கண்டதும் என்ன நினைத்தார்? ராக்கெட்டுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, புத்தகம் ஓடுகிறது.

சுஜாதாவிடம் இந்தப் பிரச்னை கிடையாது. ஒரு அறையில் மூன்று பேர் கிடைத்திருந்தால் அவர் மூன்று கதை எழுதியிருப்பார். முதல் கதையே மாணவனாக இருக்கும்போது வந்தது: 1953-ல், திருலோக சீதாராம் திருச்சியில் நடத்திய 'சிவாஜி' பத்திரிகையில், 'எழுத்தில் ஹிம்சை'. அப்போது வயது பதினெட்டு. ஸ்ரீரங்கத்துக் கதைகள் அதற்குப் பல காலம் கழித்து, ஊரை விட்டுப் போய், என்ஜினீயராகி, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த மனுஷன் எழுதியது.

அந்தக் கதைகளில் வகுப்பறை அதிகம் வராது. ரங்கு கடை வரும், கிரிக்கெட் வரும், பாட்டி வருவாள், குண்டு ரமணி வருவாள். படித்த புத்தகத்தையெல்லாம் மேற்கோள் காட்டிப் பயமுறுத்துகிற வேலை இல்லை. ஆனால் படிக்காதவன் எழுதியதல்ல அது. வெளிநாட்டுச் சிறுகதைகளை விழுந்து விழுந்து படித்த ஒருவன், அதில் வருகிற ஆட்களுக்கு நம் தெரு ஆட்கள் எந்த விதத்தில் குறைச்சல் என்று திரும்பிப் பார்த்தால்தான் ரங்கு கடைக்கு இலக்கியத்தில் லைசென்ஸ் கிடைக்கும். கலாம் புத்தகத்திலிருந்து வீட்டுக்குப் போனார், அதை வாய்விட்டுச் சொன்னார். சுஜாதா வீட்டைப் புத்தகத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், வந்த வழியைத் துடைத்துவிட்டார்.

அவரிடமும் எனக்கு ஒரு புகார் உண்டு. கடைசி வரியில் ஒரு திருப்பம் வைக்கிற பழக்கம் அவரை விடாது. ஒரு மனுஷியின் துக்கத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிற நேரத்தில், அவர் ஜோக் அடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். படித்து முடித்து ராத்திரி படுத்த பிறகு நாம்தான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். தவிர, எல்லாமே திண்ணையிலிருந்து பார்த்த ஊர். திண்ணைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் வந்துபோகிறவர்கள்தான்.

இந்தக் கல்லூரியிலிருந்து வந்த மூன்றாவது புத்தகம் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டையும்விட அதிகம் விற்றிருக்கும். கோனார் தமிழ் உரை! ஐயன்பெருமாள் கோனார் செயின்ட் ஜோசப்பில் தமிழ் கற்பித்தவர். பழநியப்பா பிரதர்ஸ் போட்ட அவர் உரையைப் பிடித்துக்கொண்டு கரை ஏறிய தலைமுறைகளில் நானும் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பதம் பிரித்து அர்த்தம் சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு அவர்தான் வாத்தியார். ஆனால் நம் கேள்வித்தாளைப் பாருங்கள். 'ஆசிரியர் கூறும் கருத்துகளைத் தொகுத்து எழுதுக.' 'நயம் பாராட்டுக.' நயத்துக்கும் தலைப்புகள் தயார்: திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, அணி. ஒவ்வொன்றுக்கும் மார்க். 'நான்' என்ற வார்த்தை வருவதற்கு இதில் எங்குமே இடம் கிடையாது.

இலக்கியத்துக்குத்தான் இதெல்லாம், காமர்ஸுக்கு ஏது என்று நினைக்காதீர்கள். நான் பி.காம். தொண்ணூறுகளின் கடைசியில் திருச்சியில் படித்தேன். இரண்டாம் வருஷம் கூட்டாண்மைக் கணக்கில் 'கார்னர் எதிர் முர்ரே' என்று ஒன்று வரும். 1904-ல் இங்கிலாந்து கோர்ட் தீர்ப்பு. மூன்று கூட்டாளிகளில் ஒருவர் திவாலாகிவிட்டால், அவரால் கட்ட முடியாத பாக்கியை மற்ற இரண்டு பேரும் எந்த விகிதத்தில் சுமப்பது? லாபம் பிரித்த விகிதத்தில் அல்ல, போட்ட முதல் விகிதத்தில். அதாவது, நம்பி அதிகம் போட்டவனுக்கே அதிக அடி.

அப்போது எங்கள் வீட்டில் சரியாக அதே வழக்கு நடந்துகொண்டிருந்தது, கோர்ட் இல்லாமல். காந்தி மார்க்கெட்டில் அப்பா, ஒன்றுவிட்ட பெரியப்பா, இன்னொருவர் மூவரும் சேர்ந்து வைத்திருந்த வெங்காய மண்டி. அப்பா போட்டது ஒரு லட்சம், பெரியப்பா ஐம்பதாயிரம், லாபம் மட்டும் சமம். மூன்றாவது ஆள் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார். அவர் தலையில் நின்ற பாக்கி நாற்பத்தைந்தாயிரம். பாதிப் பாதி என்றார் அப்பா. "இல்லடா தம்பி, உனக்கு முப்பது, எனக்குப் பதினைஞ்சுதான் வரும்" என்றார் பெரியப்பா. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் வீட்டில் பெரியப்பாவின் பெயர் 'துரோகி' என்று மாறிவிட்டது.

வகுப்பில் நான் எழுந்து, "சார், ரெண்டு பேருக்கும் லாபம் சமமா இருந்தாலும் இப்படித்தானா?" என்று கேட்டேன். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அப்பா கடையாப்பா?" என்றார், மெதுவாக. நான் தலையாட்டினேன். அவர் போர்டில் இருந்த ஏ, பி, சி கணக்கை அழித்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை, எங்கள் வீட்டுத் தொகையை என்னிடம் கேட்காமலே, சமபங்கு லாபம் வருகிற மாதிரி போட்டுக் காட்டினார்.

ராத்திரி நோட்டை அப்பாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "இதை வெள்ளக்காரன் 1904-லயே தீத்து வச்சுட்டானா?" என்றார். அடுத்த நாளே பெரியப்பா வீட்டுக்குப் போய்க் கட்டிப்பிடித்து அழுதார் என்று எழுதினால் அது சினிமா. போகவில்லை. ஆனால் அந்த வார்த்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்கவில்லை. பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது, பதினைந்து மார்க். என்னைவிடச் சுத்தமாகப் போட்டவர்கள் வகுப்பில் இருபது பேர் இருந்தார்கள்.

வகுப்பில் படித்ததை எதனோடு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 'இந்தக் கவிதை என் தாயாரை நினைவூட்டுகிறது' என்று எழுதுவது சுலபம். எந்தக் கவிதைக்கும் எழுதலாம். ஒட்டிய பிறகு பாடம் இன்னும் தெளிவாகிறதா, இல்லை வீடு இன்னும் தெளிவாகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் செண்டிமென்ட். கலாமுக்குப் பாடம் தெளிவானதைவிட ஐயர் தெளிவானார். எனக்குப் பெரியப்பா தெளிவானார்.

உங்கள் வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் இரண்டு புத்தகத்தையும் கையில் கொடுங்கள். முதலில் 'அக்னிச் சிறகுகள்' திருச்சிப் பக்கங்கள், அப்புறம் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. கலாம் எழுதாமல் விட்ட அந்த ஹாஸ்டல் அறைக்குள் எப்படி நுழைவது என்று சுஜாதா காட்டிக் கொடுப்பார். சுஜாதா 2008-ல் போனார். கலாம் 2015-ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே போனார். அந்த அறையை இனி வேறு யாராவது எழுத வேண்டியதுதான்.

நண்பர் ஒருவர், தமிழாசிரியர், கேள்வித்தாளிலேயே ஒரு இரண்டு மார்க் ஒதுக்கலாமே என்கிறார். 'இப்பாடத்தோடு தொடர்புடைய, உன் வீட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை எழுதுக.' எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த ஜூனிலேயே கைடில் விடை வந்துவிடும். மார்ச்சில் திருச்சி முதல் திருத்தணி வரை லட்சக்கணக்கான விடைத்தாள்களில் ஒரே பாட்டி, ஒரே திண்ணையில் உட்கார்ந்து, ஒரே முறுக்கைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.