முத்திரையும் நூற்றகுதியும்

பலர் கூடியமர்ந்து கதைமாந்தராய் நின்று ஆடும் மேசையாட்டங்களுள் முதற்கண் வணிகமுறையில் அச்சேறியது 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர்தம் ஆக்கம் அது. உரிமையாளர் வெளியிடும் நூல்களே இவ்வாட்டத்திற்கு ஏற்புடையன, பிறர் இயற்றுவன தள்ளத்தக்கன என்பார் உளர். இக்கொள்கை ஆராயத்தக்கது.

1976-இல் ஜட்ஜஸ் கில்ட் என்னும் வேற்று நிறுவனம் ஒரு நகரத்தையே தெருவும் கடையும் மாந்தருமாக வகுத்து வெளியிட்டது. உரிமையாளர் அத்தகு விரிந்த நகர்நூல் ஒன்றை அதற்குமுன் தந்திலர்.

2000-இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் திறந்த உரிமத்தால் தன் விதிகளைப் பிறரும் எடுத்தாள இசைந்தது. நிறையற்ற நூல்களும் அதனாற் பெருகின என்பது உண்மையே. ஆயின், 2008-இல் நான்காம் பதிப்பு அவ்வுரிமத்தைக் கைவிட்டபோது, பைசோ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ அன்றோ பழைய விதிமரபைக் காத்தது? ஈண்டு வழிநூலே முதனூலுக்கு அரணாயிற்று.

2023 சனவரியில் அவ்வுரிமத்தைச் சுருக்க முயன்ற வரைவு வெளிப்பட்டது. எதிர்ப்பு மிகவே, அத்திங்களிலேயே அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைக்கப்பெற்றன.

உரிமையாளர் நூல்களும் பிழைதிருத்தம் பெறுகின்றன. ஆதலின் முத்திரை உடைமையைக் காட்டுமேயன்றித் தகுதியைக் காட்டாது. விதியோடு பொருந்துமா, ஆடுவோரிடையே சமன் குலையாதா, கதைக்கு இடந்தருமா என்பனவற்றை ஆட்டத்தை நடத்துவோரே ஆய்ந்து கொள்ளுதல் முறையாம் என்பது எம் துணிபு.