கைபேசியில் ஆங்கில இலக்கியம்: எந்தத் தளம் மூலத்தைத் தருகிறது?

ஆங்கில ஆசிரியர்களுக்கும் இலக்கிய மாணவர்களுக்கும் உதவும் தளங்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களுக்குக் குறைவில்லை. மின்னூலகமும் தேர்வு நோட்ஸும் இலக்கணப் பயிற்சியும் அவற்றில் ஒரே தகுதியோடு வரிசையாக நிற்கும். புதுச்சேரி கோரிமேட்டில் குடியிருந்து, பக்கத்து லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரியிலோ காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு நிறுவனத்திலோ பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவருக்கு அந்த வரிசை உதவாது. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு ஆண்ட்ராய்டு கைபேசி. அதனால் இங்கே அளவுகோல் வேறு. மூலநூலை நம்பத்தக்க பதிப்பில், சிறிய திரையில் படிக்கத் தருகிறதா? விளக்கம் சொன்னால், அந்த விளக்கம் வாசகரை மறுபடி மூலத்தின் வரிக்கே அனுப்புகிறதா? இப்படிப் பார்த்தால் புகழ்பெற்ற சில தளங்கள் கீழே இறங்குகின்றன. புதுச்சேரியிலேயே இருக்கும் ஒன்று மேலே வருகிறது.

மூலம் என்றதும் முதலில் வருவது புராஜெக்ட் கட்டன்பர்க். மைக்கேல் ஹார்ட் 1971-இல் தொடங்கிய இந்தத் தொகுப்பில் இன்று 70,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. படமில்லாத ஒரு நாவலின் ஈபப் கோப்பு பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடிந்துகொள்ளும். அதே நாவலை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் பிரதியாக இறக்கினால் பல மடங்கு டேட்டா போகும், பக்கத்தையும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். கட்டன்பர்க்கின் குறை வேறு இடத்தில் இருக்கிறது: கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதை அது எடுத்துச் சொல்வதில்லை. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் 1818 பதிப்பில் எலிசபெத், கதாநாயகன் விக்டருக்கு அத்தை மகள். 1831-இல் ஷெல்லி திருத்தியபோது அவள் எடுத்து வளர்த்த பெண்ணாகிவிட்டாள். இரண்டுமே தளத்தில் ஒரே தலைப்பில் கிடக்கின்றன. (அத்தை மகளை மணப்பதில் நமக்கு வியப்பில்லை. ஷெல்லி ஏன் மாற்றினார் என்று வகுப்பில் கேட்க இதைவிட நல்ல கேள்வி அமையாது.) பதிப்பைக் கவனிக்காமல் இறக்கிப் படித்தவர், பாடநூலோடு ஒத்துப்போகாத கட்டுரையை எழுதி வைப்பார்.

ஷேக்ஸ்பியருக்கு மட்டும் கட்டன்பர்க் வேண்டாம்; வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தின் தளம் போதும். நாடகங்கள் எல்லாம் வரி எண்ணோடு, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் நாலைந்து வரிக் கதைச்சுருக்கத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. சொல் தேடலும் உண்டு. ‘மேக்பெத்’ நாடகத்தில் இரத்தம் என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று ஆசிரியர் நொடியில் எடுத்துவிடலாம். அச்சுப் பதிப்பில் எதிர்ப்பக்கத்தில் வரும் அருஞ்சொற்பொருள் இலவச வடிவத்தில் இல்லை என்பது உண்மையான இழப்பு. அதை ஈடுகட்டப் பலர் போவது ஸ்பார்க்நோட்ஸுக்கு. அங்கே இடப்பக்கம் ஷேக்ஸ்பியர், வலப்பக்கம் இக்கால ஆங்கிலம். பொருள் புரிந்துவிடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் வலப்பக்கத்தில் எளிய வழி திறந்து கிடக்கும்போது கண் இடப்பக்கம் திரும்புவதில்லை.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வீட்டிலேயே முதல் ஆளாக ஆங்கில இலக்கியம் எடுத்தவரிடம் மூலத்தைப் படி என்பது இரக்கமற்ற அறிவுரை என்று ஆசிரியர்கள் சிலர் சொல்லக்கூடும். நியாயமான மறுப்பு. ஆனால் அதற்கு மாற்று சுருக்கம்தான் என்று ஆகிவிடாது. காதால் கேட்பதும் ஒரு மாற்று. 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த நூல்கள் இலவசம். குரல்களின் தரம் ஏறி இறங்கும் என்றாலும், நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் நீண்ட வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்பது பிடிபடும். கவிதைக்குப் பொயட்ரி ஃபவுண்டேஷன் தளம் இன்னும் நல்லது; பல கவிதைகளின் பக்கத்திலேயே ஒலிப்பதிவும் இருக்கிறது. தேர்வுக்கு நோட்ஸ் வேண்டும் என்பவருக்கு இக்னோவின் ஈஞான்கோஷும் யுஜிசியின் இ-பிஜி பாடசாலையும் இருக்கின்றன. எம்.ஏ. தாள்களுக்கு வேண்டிய அலகுகள் முறையாக எழுதப்பட்டவை, கடையில் விற்கும் கைடுகளைவிடப் பல படி மேல். குறை எல்லாம் வடிவத்தில்தான். அச்சுப்பக்க அளவில் பிடிஎஃப். கவிதை ஒரு கோப்பில், அதைப் பற்றிய பேச்சு இன்னொன்றில்.

இந்த இலவச உலகத்துக்கு ஒரு பெரிய சாய்வு உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும். தாகூரின் நூல்கள் உரிமையிழக்கும் தறுவாயில்தான், 1991 இறுதியில், அது 50-இலிருந்து 60 ஆனது. 2001-இல் மறைந்த ஆர்.கே. நாராயண் 2061 முடியும்வரை பூட்டுக்குள். 1993-இல் மறைந்த ஏ.கே. ராமானுஜன், 2004-இல் மறைந்த நிசிம் எசக்கியேல், 2009-இல் மறைந்த கமலா தாஸ் எல்லாரும் அப்படியே. வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரிக்கரை ஒரு சொடுக்கில் வருகிறது, நாராயணின் மால்குடி வருவதில்லை. செலவில்லாமல் படிக்கும் மாணவர் தன்னையறியாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வாசகராகிவிடுகிறார். எழுத்தாளரும் வாரிசுகளும் பிழைக்க வேண்டாமா என்றால் வேண்டும்தான். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். ஆனால் முறையான வாசல் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: என்சிஇஆர்டி பாடநூல்கள். பன்னிரண்டாம் வகுப்பின் ‘ஃபிளமிங்கோ’ நூலில் கமலா தாஸின் கவிதை இருக்கிறது. முழுநூலும் பிடிஎஃப் வடிவில் இலவசம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் மேல்வகுப்புகளையும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்குக் கொண்டுவந்ததால், பள்ளி ஆசிரியருக்கு இது தேடி எடுக்க வேண்டிய பொருளுமல்ல.

இந்தச் சாய்வுக்கு நல்ல விதிவிலக்கு நகரத்திலேயே இருக்கிறது. 1910 முதல் 1950-இல் மறையும்வரை இங்கே வாழ்ந்த அரவிந்தரின் முழுத் தொகுப்பை ஆசிரமம் தன் தளத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. ஏறத்தாழ 24,000 வரி கொண்ட ‘சாவித்திரி’ காவியம் ஒருபுறம். அதை எழுதிய முறை பற்றி அவரே எழுதிய கடிதங்கள் இன்னொரு தொகுதியில். ‘ஆர்யா’ இதழில் 1917 முதல் 1920 வரை தொடராக வந்த ஆங்கிலக் கவிதை பற்றிய நூலும் உண்டு. மூலமும் விளக்கமும் ஒரே கையிலிருந்து, செப்பமான பதிப்பில் கிடைப்பது அபூர்வம். ஆன்மிக நூல் என்று இலக்கிய மாணவர்கள் ஒதுக்கிவிடுவது அவர்களுக்குத்தான் நஷ்டம். யாப்பு பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கப் பக்தி தேவையில்லை. கைபேசியில் பிடிஎஃப் சிரமம் இங்கேயும் உண்டு, அதற்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும்.

சாட்ஜிபிடி இருக்கும்போது இத்தனை தளம் எதற்கு என்பது இப்போதைய கேள்வி. கடினமான வாக்கியத்தைத் தமிழில் பிரித்துச் சொல்லச் சொன்னால் அது நன்றாகவே சொல்கிறது; அந்த அளவில் ஆசிரியருக்கும் துணை. மேற்கோள் கேட்டால்தான் ஆபத்து. கவிஞர் எழுதாத வரியையும் எழுதியதுபோலவே தயங்காமல் தரும். அதைப் பிடிக்க மூலம் கையருகே இருக்க வேண்டும். ஆகவே இந்தக் கருவி வந்தபின் ஃபோல்ஜரின் வரி எண்ணுக்கு வேலை கூடியிருக்கிறது.

இதுவரை சொன்ன தளங்கள் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை; ஆய்வுக் கட்டுரைகளில்தான் கல்லூரியின் பெயர் குறுக்கே வருகிறது. 2025-இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிடுகிறது, ஆனால் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் கல்லூரி மாணவருக்கு ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்குவதே வழி: மாதம் 100 கட்டுரை வரை இலவசம், திரையில் படிக்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. எம்.ஏ. பருவக் கட்டுரை ஒன்றுக்கு அது தாராளம்.